பனிமலை ஊர்கள் யாருக்காக உருவாகின?

ஐரோப்பாவில் குடியேறிய எமது மக்களுக்குப் பனி புதியதல்ல. அதிகாலையில் வேலைக்குப் புறப்படுமுன் காரின் கண்ணாடியில் உறைந்து கிடப்பதைச் சுரண்டுவதும், வாசலில் குவிந்ததை அள்ளிக் கொட்டுவதும், பஸ் தரிப்பிடத்தில் கால் விறைக்க நிற்பதுமாக நாற்பது ஆண்டுகளாக அவர்கள் அறிந்த பனி அது. அந்தப் பனியைத் தேடிப் பணம் கொடுத்து விடுமுறைக்குப் போகலாம் என்ற எண்ணம் முதலாவது தலைமுறையினருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அதனால் பல வீடுகளில் பேச்சை ஆரம்பிப்பவர்கள் பிள்ளைகளே. பெப்ரவரி விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பும் தோழர்கள் மலைக்கதைகள் பேசும்போது, பேச எதுவுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒருநாள் வீட்டில் வந்து கேட்கிறது: நாங்கள் எப்போது போவது?

போவதென்று தீர்மானித்த பின்னர் எழும் கேள்வி, எங்கே போவது என்பது. விளம்பரப் புத்தகங்கள் எண்களால் பதில் கூறுகின்றன. பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குகள் எனப்படும் பிரதேசம் 600 கிலோமீற்றர் சறுக்குப் பாதைகள் தன்னிடம் இருப்பதாகக் கூறிக்கொள்கிறது. ஆனால் முதன்முறையாகச் சறுக்குப் பலகையில் கால் வைப்பவருக்கு முதல் சில தினங்களில் தேவைப்படுவது சில நூறு மீற்றர் நீளமான ஒரு மென்சரிவு மாத்திரமே. மீதியான அறுநூறு கிலோமீற்றரும் அவர் பணம் செலுத்திவிட்டுப் பார்க்காமல் திரும்பும் நிலப்பரப்பு. எனவே எண்களை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்பது பயனுள்ளது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். அந்த ஊர் யாருக்காக உருவாக்கப்பட்டது? அல்ப்ஸ் மலைகளின் பனிவிடுமுறை ஊர்கள் ஒரே காலத்தில் ஒரே நோக்கத்துடன் தோன்றியவை அல்ல. நோயாளருக்காகத் தோன்றியவை உண்டு. ஆங்கிலேய செல்வந்தருக்காகத் தோன்றியவை உண்டு. வீரர்களுக்காகவும், சம்பளத்துடனான விடுமுறை பெற்ற சாதாரண தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் தோன்றியவையும் உண்டு. ஒவ்வோர் ஊரும் தான் பிறந்த நோக்கத்தின் அடையாளத்தை இன்றும் தன் தெருவிலும் சரிவிலும் சுமந்துகொண்டிருக்கிறது.

சறுக்குப் பலகை விடுமுறையை விடப் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்தது. ஸ்கண்டிநேவிய நாடுகளில் அது வேட்டைக்கும் போக்குவரத்துக்குமான கருவியாக இருந்தது. இன்று உலகமெங்கும் வழங்கும் 'ஸ்கீ' என்ற சொல்லே பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததுதான். நோர்வேயின் டெலிமார்க் பிரதேசத்தைச் சேர்ந்த சொண்ட்ரே நோர்ஹைம் என்ற ஏழை விவசாயி குதிக்காலைப் பலகையுடன் பிணைக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, 1868இல் தலைநகர் கிறிஸ்ரியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், நடைபெற்ற போட்டியில் பார்வையாளர்களை வியக்கவைத்தார். நோர்வே ஆய்வுப்பயணி நான்சென் 1888இல் சறுக்குப் பலகைகளின் துணையுடன் கிறீன்லாந்தைக் கடந்தார். அப்பயணம் பற்றிய அவரது நூல் 1891இல் ஜேர்மன் மொழியில் வெளியானதை அடுத்தே அல்ப்ஸ் பிரதேசத்து இளைஞர்களிடம் இக்கலை மீதான மோகம் பரவியது.

அதுவரை அல்ப்ஸ் மலைவாசிகளுக்குக் குளிர்காலம் என்பது வறுமையின் காலமாகவே இருந்தது. ஒஸ்திரியாவின் திரோல், ஃபோரார்ல்பேர்க் பிரதேசங்களிலும் சுவிற்சர்லாந்தின் கிரவ்பூண்டன் மாநிலத்திலும் உணவுக்கு வழியற்ற பெற்றோர், பிள்ளைகளை இளவேனில் தொடங்குமுன்னரே மலைகளைக் கால்நடையாகக் கடக்க வைத்துத் தென்ஜேர்மனியின் சந்தைகளுக்கு அனுப்பினர். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் அங்கே பண்ணையாட்களாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். 'சுவாபியப் பிள்ளைகள்' என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடுகிறது. 1921இல் ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி விதிக்கப்பட்ட பின்னரே இந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. இன்று ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான யூரோ அறவிடும் ஹொட்டேல்கள் நிற்கும் அதே பள்ளத்தாக்குகள், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் தமது பிள்ளைகளுக்குச் சோறுபோட முடியாதிருந்தன என்பதை மறந்துவிடலாகாது. பனியைப் பணமாக்கும் வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டது அந்த வறுமையிலிருந்துதான்.

குளிர்கால விடுமுறையின் ஆரம்பம் ஒரு பந்தயம் என்பது சென்ற் மோரிட்ஸ் நகரின் மரபுக்கதை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூர் கோடைகாலக் கனிம ஊற்றுக்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. 1864ஆம் ஆண்டு கோடை முடிவில் நாடு திரும்பவிருந்த பிரித்தானிய விருந்தினர் சிலரிடம், கூல்ம் ஹொட்டேலின் உரிமையாளர் யொஹானஸ் பத்ருட், இங்கு குளிர்காலத்தில் வெயில் எறிக்கும், வந்து பாருங்கள், நான் சொல்வது பொய்யானால் பயணச் செலவை நானே தருகிறேன் என்றாராம். நத்தாருக்கு வந்தவர்கள் ஈஸ்ரர் வரை தங்கிவிட்டு முகம் கறுத்துத் திரும்பினர் என்கிறது அக்கதை. அந்த விருந்தினர் எவரும் சறுக்கிச் செல்வதற்காக வரவில்லை. வெயிலுக்காகவும் உறைந்த ஏரிக்காகவும் சறுக்குவண்டிக்காகவுமே வந்தனர்.

அதே மாநிலத்தில் 1,560 மீற்றர் உயரத்திலுள்ள டாவோஸின் கதை இதனினும் ஆழமானது. அந்த ஊரை உலகறியச் செய்த அலெக்சாந்தர் ஸ்பெங்லர் ஓர் அரசியல் அகதி. ஜேர்மனியின் பாடன் பிரதேசத்தில் 1849இல் நசுக்கப்பட்ட புரட்சியில் பங்கேற்றதனால் நாட்டைவிட்டுத் தப்பியோடி, சூரிச்சில் மருத்துவம் படித்து, 1853இல் எவரும் விரும்பிச் செல்லாத அந்த மலையூருக்கு வைத்தியராக வந்தார். உள்ளூர் மக்களிடையே காசநோய் அரிதாக இருப்பதைக் கவனித்த அவர், மலைக்காற்றுக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று கருதினார். 1865இல் முதல் இரு நோயாளர்கள் குளிர்காலத்தில் வந்தனர். 1890இல் புகையிரதமும் வந்துசேர, ஐரோப்பாவின் நோயுற்ற செல்வந்தர்களின் தலைநகராக டாவோஸ் மாறியது. தோமஸ் மான் 1924இல் வெளியிட்ட 'மந்திர மலை' நாவலின் களம் அதுவே. வெயில் படும் பலகணிகள் நீளநீளமாக அமைந்த பழைய கட்டடங்களை அங்கு இன்றும் காணலாம். அவை நோயாளர் படுத்திருப்பதற்காகக் கட்டப்பட்டவை.

அந்த நோயாளர்களில் ஒருவரின் கணவர்தான் சேர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில். மனைவி லூயிசாவின் காசநோய் காரணமாக டாவோஸில் தங்கியிருந்த அவர், 1894 மார்ச்சில் உள்ளூரைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர்களுடன் கணவாய் ஒன்றைச் சறுக்குப் பலகைகளில் கடந்து அரோசா என்ற ஊரை அடைந்தார். தாம் விழுந்தெழும்பியதை நகைச்சுவையுடன் வர்ணித்து லண்டனின் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் அதே ஆண்டு எழுதிய கட்டுரையில், ஆங்கிலேயர் நூற்றுக்கணக்கில் இதற்காகவே சுவிற்சர்லாந்துக்கு வரும் காலம் வரும் என்று எதிர்வு கூறினார். அவரது எதிர்வுகூறல் குறைவாக இருந்ததே தவிர தவறாக இருக்கவில்லை.

ஆங்கிலேயரை உண்மையிலேயே நூற்றுக்கணக்கில் அழைத்துவந்தவரின் வாழ்க்கையில் தமிழ்நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. ஹென்றி லன் என்ற அந்த மனிதர் 1887இல் மெதடிஸ்த மிஷனரி வைத்தியராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். 1814 முதல் மெதடிஸ்த மிஷனை அறிந்த யாழ்ப்பாண வாசகர்களுக்கு இத்தகைய மனிதர்கள் புதியவர்கள் அல்ல. உடல்நலக் குறைவினால் விரைவிலேயே நாடு திரும்பிய லன், இந்தியாவில் மிஷனரிமார் சுதேச மக்களிலிருந்து விலகி வசதியாக வாழ்கிறார்கள் என்று எழுதித் தமது சபையில் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். பின்னர் பிரிந்துகிடந்த திருச்சபைகளை ஒன்றுசேர்க்கும் நோக்குடன் 1892இல் சுவிற்சர்லாந்தின் கிறிண்டல்வால்டில் மாநாடு கூட்டினார். திருச்சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் பிரதிநிதிகளுக்குப் பயண ஏற்பாடு செய்த அனுபவம் அவரை ஒரு பயண நிறுவன அதிபராக்கியது. முகவர் ஒருவர் நடத்தும் சுற்றுலாவில் சேர்வதைக் கௌரவக் குறைவாகக் கருதிய ஆங்கிலேய மேட்டுக்குடியினரை, அவர்கள் படித்த பாடசாலைகளின் பெயரால் ஒரு கழகம் அமைத்து, கழக உறுப்பினர் என்ற போர்வையில் மலைகளுக்கு அழைத்துச் சென்றார் என்பது அவரது சாமர்த்தியம்.

ஹென்றி லன்னின் மகன் ஆர்னல்ட் லன் 1888 ஏப்ரலில் பிறந்தது சென்னையில். பனியே விழாத அந்த நகரில் பிறந்தவர்தான் 1922இல் சுவிஸின் மியூரென் கிராமத்தில், இரட்டைக் கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் நவீன ஸ்லாலம் போட்டியை வகுத்தவர். அழகாக இறங்குபவருக்குப் புள்ளி என்ற முறையை அகற்றி, விரைவாக இறங்குபவரே வென்றவர் என்ற விதியை அவர் கொண்டுவந்தார். 1931இல் முதலாவது உலகச் சாம்பியன்சிப் போட்டிகளும் மியூரெனிலேயே நடைபெற்றன. மலைமுகட்டின் விளிம்பில், கார்கள் செல்ல முடியாத அந்தக் கிராமம் கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் அதன் புகழைக் கட்டியெழுப்பியவர்கள் செங்குத்தான சரிவுகளை விரும்பிய வீரர்கள் என்பதை முதன்முறை செல்லும் குடும்பம் மனதிற் கொள்ளவேண்டும். அதே பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலுள்ள வெங்கன் கிராமத்தில் பிள்ளைகள் பழகும் சரிவு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. இரண்டும் கார்களற்ற ஊர்கள். இரண்டும் ஆங்கிலேயர் வளர்த்த ஊர்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

முதன்முறை செல்வோருக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கண்டுபிடிப்பு லிப்டோ ஹொட்டேலோ அல்ல, ஆசிரியரே. ஒஸ்திரியாவில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி 1890களின் பிற்பகுதியில் மலைச்சரிவுகளுக்கு ஏற்ற சறுக்கு முறையை நூலாக எழுதியிருந்தார். அதைப் பாடசாலையாக மாற்றியவர் அயல்கிராமமொன்றில் பிறந்து, 1907இல் சென்ற் அன்ரன் ஊருக்கு வழிகாட்டியாக வந்த ஹன்னஸ் ஷ்னைடர். மாணவர்களைத் திறமைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, பலகைகளின் முனைகளைச் சேர்த்து ஆப்பு வடிவில் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் ஆரம்பித்து, படிப்படியாக இணையான திருப்பங்களுக்கு உயர்த்தும் முறையை அவர் வகுத்தார். 1921இல் அவர் அமைத்த பாடசாலையின் முறை உலகெங்கும் பரவியது. இன்று எந்த நாட்டில் எந்தப் பிள்ளை முதல் பாடத்துக்குச் சென்றாலும் பெரும்பாலும் அந்த ஆப்பு வடிவத்திலேயே ஆரம்பிக்கிறது.

1938 மார்ச்சில் நாஜிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியவுடன் ஷ்னைடர் கைது செய்யப்பட்டார். அவர் நாஜிகளை எதிர்த்தவர் என்பதே காரணம். அவருடன் இணைந்து ஆண்டுதோறும் போட்டி நடத்திவந்த ஆர்னல்ட் லன், எதிர்ப்புத் தெரிவித்து அவ்வாண்டுப் போட்டியை இரத்துச் செய்தார். ஹார்வி கிப்சன் என்ற நியூயோர்க் வங்கியாளரின் முயற்சியினால் 1939இல் ஷ்னைடர் குடும்பத்துடன் அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்துக்குச் சென்று அங்கு பாடசாலை அமைத்தார். அகதி ஒருவரால் உருவான டாவோஸும், அகதியாகச் சென்ற இந்த ஆசிரியரும் பனிவிடுமுறையின் வரலாற்றில் எதிரெதிர்த் திசைகளில் கடந்துபோவதை எமது வாசகர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

மேலே ஏறுவதற்கான உழைப்பு இருந்தவரை பனிச்சறுக்கு உடல்வலு மிக்கவர்களுக்கே உரியதாக இருந்தது. அரை நிமிட இறக்கத்துக்காக அரை மணிநேரம் ஏறவேண்டும். 1934 நத்தார் தினத்துக்கு முந்திய நாள் டாவோஸின் போல்கன் சரிவில், பொறியியலாளர் ஏர்ன்ஸ்ட் கொன்ஸ்ராம் வடிவமைத்த இழுவை லிப்ட் இயங்கத் தொடங்கியது. 1936இல் அமெரிக்காவில் யூனியன் பசிபிக் புகையிரத நிறுவனம் ஐடஹோ மாநிலத்தில் அமைத்த சன் வலியில் முதலாவது நாற்காலி லிப்ட் வந்தது. கப்பல்களில் வாழைக்குலை ஏற்றும் இயந்திரத்தைக் கண்ட பொறியியலாளர் ஜிம் கரன், வாழைக்குலை தொங்கும் கொளுக்கிக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டார். அதன் பின்னரே குழந்தைகளும் தாய்மாரும் முதியோரும் இந்த விளையாட்டில் இடம்பெற முடிந்தது.

மருந்தும் இதில் பங்காற்றியது. 1943இல் ஸ்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதும் காசநோய் குணமாக்கக்கூடியதாகிவிட, மலை ஆரோக்கிய நிலையங்கள் ஆளில்லாமல் போயின. சுவிஸின் லெசான் என்ற ஊர் சூரிய ஒளிச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. அங்குதான் 1956இல் கிளப் மெட் நிறுவனம் தனது முதலாவது குளிர்கால விடுமுறைக் கிராமத்தைத் திறந்தது. நோயாளரின் கட்டில்கள் உல்லாசப் பயணிகளின் கட்டில்களாயின.

பெப்ரவரி விடுமுறை என்ற வழக்கமே யுத்தத்தின் பிள்ளை என்பதும் பலர் அறியாதது. இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது வெளியிலிருந்து வரும் நிலக்கரியில் தங்கியிருந்த சுவிற்சர்லாந்து, எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் குளிர்காலத்தில் பாடசாலைகளை மூடியது. வீட்டில் அடைந்துகிடந்த பிள்ளைகளை மலைகளுக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த பின்னரும் அந்த விடுமுறை நிலைத்து 'விளையாட்டு விடுமுறை' ஆனது. பிரான்சில் 1953இல் பாரிசின் புறநகரான வான்வ் நகரிலிருந்து ஒரு வகுப்பு முழுவதும் ஆசிரியருடன் மலைக்குச் சென்று பாடமும் சறுக்கும் பயின்றது. 'பனி வகுப்பு' என்ற அந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது. 1956இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்குச் சம்பளத்துடனான மூன்றாவது வார விடுமுறையும் 1969இல் நான்காவது வாரமும் கிடைத்தபோது, குடும்பங்கள் குளிர்காலத்திலும் புறப்படக்கூடியதாயிற்று.

அந்தப் பெருந்தொகையினரை ஏற்கப் பழைய கிராமங்கள் போதவில்லை. எனவே வெறும் மேய்ச்சல் நிலங்களில் புதிய ஊர்கள் வரையப்பட்டன. 1946இல் சவோய் மாவட்ட நிர்வாகம் ஆரம்பித்த கூர்செவல் அவற்றின் முன்னோடி. அதை வரைந்த லோரான் ஷப்பி என்ற கட்டடக் கலைஞர் மலையூர்த் திட்டங்களைச் சிந்தித்தது, ஒஸ்திரியாவில் ஜேர்மானியரின் யுத்தக் கைதி முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் என்பது குறிப்பிடத்தக்கது. 1961இல் லா பிளாஞ், 1966இல் அவோரியா, 1968இல் லெஸ் ஆர்க் என்று தொடர்ந்து ஊர்கள் எழுந்தன. 1964இலிருந்து அரசாங்கமே 'பனித்திட்டம்' என்ற பெயரில் இதை முன்னின்று நடத்தியது. வாசலைத் திறந்தால் சரிவு. வாகனங்கள் ஒருபுறம், பிள்ளைகள் மறுபுறம். சமைத்துச் சாப்பிடக்கூடிய சிறு அடுக்குமாடி வீடுகள். லெஸ் ஆர்க் வீடுகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஷார்லொட் பெரியான் சமையலறையை வரவேற்பறையுடன் திறந்து இணைத்தார். சமைப்பவர் தனிமைப்படக் கூடாது என்பது அவரது எண்ணம்.

இந்த வளர்ச்சிக்கு இருண்ட பக்கமும் உண்டு. தீஞ் என்ற பழைய கிராமம் நீர்மின் அணைக்காக 1952இல் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. வெளியேற மறுத்த மக்கள் பொலிஸ் பலத்துடன் அகற்றப்பட்டனர். மூதாதையரின் எச்சங்கள்கூடக் கல்லறைகளிலிருந்து தோண்டியெடுத்து மாற்றப்பட்டன. அதே பெயரில் 2,100 மீற்றர் உயரத்தில் எழுந்த புதிய ஊர் இன்று புகழ்பெற்ற பனிச்சறுக்குத் தலம். பெயர்ந்தோரின் வலி எந்த விளம்பரப் புத்தகத்திலும் இடம்பெறுவதில்லை.

இவ்வரலாற்றை மனதிற் கொண்டு தேர்வுக்கு வருவோம். சென்ற் அன்ரன் ஆசிரியமுறையின் பிறப்பிடம் என்ற பெருமைக்குரியது. ஆயினும் அதன் சரிவுகள் செங்குத்தானவை. அங்கு சிவப்பு எனக் குறிக்கப்படும் பாதையொன்று வேறிடத்தில் கறுப்பாகக் கணிக்கப்படலாம். அதே திரோலில் உள்ள சேர்பவுஸ் தெருக்களில் கார்களைக் குறைப்பதற்காக 1985இல் நிலத்தடி ரயிலையே அமைத்துக்கொண்ட கிராமம். பிள்ளைகளுள்ள குடும்பங்களையே தனது விருந்தினராக அது நினைக்கிறது. பிரான்சில் லா பிளாஞ்சும் அவோரியாவும் ஆரம்பத்திலிருந்தே குடும்பங்களுக்காக வரையப்பட்டவை. ஒலிம்பிக் பதக்க வீராங்கனை அன்னி ஃபமோஸ் அவோரியாவில் நிறுவிய 'பிள்ளைகளின் கிராமம்' சின்னஞ்சிறுவருக்குக் கற்பிப்பதற்கென்றே உள்ளது. புழுங்கலரிசியும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டு போகும் எமது குடும்பங்களுக்குச் சமையலறையுள்ள இத்தகைய வீடுகள் செலவிலும் மனநிறைவிலும் பெரும் உதவி. அறைகள் மிகச் சிறியவை என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். அம்மம்மாவையும் அழைத்துச் செல்வதானால் கதை வேறு. சறுக்காதவர் பகல் முழுவதும் என்ன செய்வார்? அவருக்குத் தேவாலயமும் வெதுப்பகமும் நடைபாதையும் உள்ள பழைய சுவிஸ், ஒஸ்திரிய கிராமமே ஏற்றது. நோயாளருக்காக அமைக்கப்பட்ட வெயிற்படும் நடைபாதைகள் இன்று முதியோருக்குப் பயன்படுவது வரலாற்றின் கொடை.

வர்ணங்களைப் பற்றியும் ஒரு சொல். பிரான்சில் பச்சை மிக எளிய பாதை, நீலம் அதற்கு அடுத்தது. சுவிற்சர்லாந்திலும் ஒஸ்திரியாவிலும் பெரும்பாலும் நீலமே எளியது. வட அமெரிக்காவில் நீலம் என்பது நடுத்தரப் பாதை. ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினரும் சூரிச்சில் வாழும் உறவினரும் 'நீலம்' என்று கூறும்போது இருவரும் ஒன்றையே கூறவில்லை. எல்லாப் பாதைகளுக்குமான விலைகூடிய அனுமதிச்சீட்டை முதல் நாளே வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. பழகும் சரிவுக்கு மட்டுமான மலிவுச்சீட்டு உண்டா, அல்லது அங்குள்ள லிப்ட் இலவசமா என்று கேட்டறிவது நன்று. பலகையும் சப்பாத்தும் வாடகைக்குப் போதும். தலைக்கவசத்தில் மாத்திரம் சிக்கனம் கூடாது. பிரித்தானிய நடிகை நற்றாஷா ரிச்சர்ட்சன் 2009இல் கனடாவில் தலைக்கவசமின்றி விழுந்து உயிரிழந்தது பழகுநருக்கான சரிவொன்றில்தான்.

இன்னொரு கேள்வி பனி இருக்குமா என்பது. முன்னைய தலைமுறை கேட்கவேண்டியிராத கேள்வி இது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு, அல்ப்ஸின் 666 சறுக்குப் பிரதேசங்களில் 609 இயற்கைப் பனியை நம்பக்கூடியவை என்று கணித்தது. வெப்பநிலை 2 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அத்தொகை 404 ஆகவும், 4 பாகை உயர்ந்தால் 202 ஆகவும் குறையும் என்றது. கிற்ஸ்பூல் போன்ற புகழ்பெற்ற நகரம்கூட ஏறத்தாழ 760 மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. தாழ்ந்த ஊர்கள் இயந்திரங்களால் பனி செய்கின்றன. ஆயினும் அதற்கும் குளிரும் நீரும் வேண்டும். 2,300 மீற்றர் உயரத்திலுள்ள வால் தொரான்ஸ் போன்ற ஊரில் பனி நிச்சயம். ஆனால் அங்கு மரங்கள் இல்லை. புயல் வீசும் நாளில் ஒதுங்க இடமில்லை. ஜனவரிக் குளிரில் சிறுபிள்ளை அரைமணி நேரத்தில் அழத் தொடங்கிவிடும். எனவே முதன்முறை செல்வோருக்கு 1,500இலிருந்து 2,000 மீற்றர் வரை உயரமுள்ள ஊரும், பாடசாலை விடுமுறை இடங்கொடுத்தால் பகல் நீண்டு வெயில் வரும் மார்ச் மாதமும் பொருத்தமானவை என்பதே நியாயமான முடிவு.

இவ்வளவு ஆராய்ச்சி ஒரு வார விடுமுறைக்குத் தேவையா என்று சிலர் கேட்கக்கூடும். சுவிஸ் சமஷ்டி நீதிமன்றம் 2017 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பொன்றை அவர்களுக்கு நினைவூட்டலாம். கட்டாயமான பாடசாலை முகாம்களுக்குப் பெற்றோரிடம் உணவுச் செலவாக நாளொன்றுக்கு அதிகபட்சம் 16 பிராங் மாத்திரமே அறவிடலாம் என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. அடிப்படைக் கல்வி இலவசம் என்ற அரசியலமைப்புக் கோட்பாட்டிலிருந்து பிறந்த நியாயம் அது. வறிய பெற்றோரின் பிள்ளை பின்தங்கிவிடக்கூடாது என்ற அந்த நியாயத்தின் மறுபக்கமாக, செலவை ஈடுசெய்ய முடியாத பாடசாலைகள் பனிமுகாம்களையே கைவிடக்கூடும் என்ற கவலையும் எழுந்தது. பாடசாலை அழைத்துச் செல்லாவிட்டால் பெற்றோர் அழைத்துச் செல்லவேண்டும். மலையைப் பரம்பரையாக அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது தானாகவே கிடைக்கும். எமது பிள்ளைகளுக்கு அது தெரிந்தெடுத்துத் தரப்படவேண்டிய ஒன்று.

முதல் நாள் குளிரிலும் பயத்திலும் கழிந்தால் பிள்ளை மட்டுமல்ல, நாற்பது வயதில் முதன்முதலாகப் பலகையில் ஏறும் தகப்பனும் இரண்டாம் முறை அந்தப் பக்கம் திரும்பமாட்டார். ஆகவே ஊரின் பெயரையும் கிலோமீற்றர்களையும் விட, தங்கும் இடத்திலிருந்து பழகும் சரிவுக்குச் சப்பாத்துடன் எத்தனை நிமிட நடை, ஆசிரியர் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் பேசுவாரா, ஒரு குழுவில் எத்தனை பிள்ளைகள் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் பெற்ற பின்னரே பணத்தைச் செலுத்துங்கள். இம்மூன்றுக்கும் தயங்காமல் பதில் கூறும் ஊர், உங்களைப் போன்றவர்களை எதிர்பார்த்திருக்கும் ஊராகவே இருக்கும்.